மறு: ‘லாஸ்லெஸ்’ஸுக்குச் சொல் – ‘தரம் குன்றா’ வேண்டாமே

குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘லாஸ்லெஸ்’ (எதையும் இழக்காமல் ஒலிக்கோப்பைச் சுருக்கும் முறை) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘தரம் குன்றா ஒலி’ என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் யாருக்கும் புரியும்.

படித்தவுடன் புரியும் என்பது சரிதான். தப்பாகப் புரியும் என்பதுதான் என் சங்கடம். ராக்பாக்ஸ் (பாட்டு பிளேயர்களில் தயாரிப்பாளர் தந்த மென்பொருளுக்கு மாற்றாக ஓடுவது) கையேட்டுக்காக நாம் சேர்த்துவரும் பட்டியலில் இது ஒற்றைச் சொல். ஆனால் இதில் சறுக்கினால் அந்த அத்தியாயம் முழுக்கச் சறுக்கும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் ஒரு ஃபிளாக் (FLAC என்ற லாஸ்லெஸ் ஒலிவடிவம்) கோப்பைக் கொடுத்தார். 4 நிமிடப் பாட்டு, 20 மெகாபைட்டுக்கு மேல் கனம். “அசல் தரம், கேட்டுப் பாருங்கள்” என்றார். என் பழைய ஐந்தாம் தலைமுறை ஐபாடில் ஏற்றி, ராக்பாக்ஸில் ஓடவிட்டேன். ஜால்ரா ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து கிடந்தது. கணினியில் அதிர்வெண் படம் போட்டுப் பார்த்தால், 16 கிலோஹெர்ட்சுக்கு மேல் கத்தியால் அறுத்தாற்போல் ஒரே இருட்டு. யாரோ எம்பி3 கோப்பை எடுத்து ஃபிளாக் ஆக்கியிருக்கிறார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கைக்கு வந்ததே அப்படித்தான்.

இப்போது கேள்வி: அந்தக் கோப்பு லாஸ்லெஸா இல்லையா? லாஸ்லெஸ்தான், சந்தேகமே வேண்டாம். எம்பி3 விட்டுவைத்த மிச்சத்தை ஒரு பிட்கூடப் பிசகாமல் காபந்து செய்து வைத்திருக்கிறது. தரம் அதற்கு முன்பே குன்றிவிட்டது. இதற்குப் போய்த் ‘தரம் குன்றா ஒலி’ என்று பெயர் வைத்தால், கையேட்டைப் படிப்பவர் நம்மைத்தான் திட்டுவார். லாஸ்லெஸ் என்பது ஒலியின் குணம் அல்ல, சுருக்கும் முறையின் குணம். சுருக்கியதை விரித்தால், சுருக்குமுன் இருந்தது அப்படியே திரும்பக் கிடைக்குமா என்பது மட்டுமே அங்கே கேள்வி. இது சொல்லில் தெரிய வேண்டும், குறைந்தபட்சம் சொல் இதற்கு எதிராகப் பேசாமலாவது இருக்க வேண்டும்.

ஃபிளாக் எப்படிச் சுருக்குகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். அடுத்தடுத்த ஒலி அளவுகள் 100, 104, 108, 112 என்று வருகின்றன என்று வையுங்கள். அடுத்தது 116 ஆக இருக்கும் என்று நிரல் ஊகிக்கிறது. உண்மையில் வந்தது 117. கோப்பில் 117 என்று எழுதுவதில்லை, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசமான 1 மட்டும் எழுதப்படுகிறது. சின்ன எண்ணுக்குச் சின்ன இடம் போதும். பிளேயரும் அதே முறையில் 116 என்று ஊகித்து, அந்த 1-ஐக் கூட்டி, 117-ஐத் திரும்ப எடுத்துவிடுகிறது. நடந்தது வெறும் கூட்டல், எதுவும் போய்விடவில்லை. எம்பி3 வேறு ஜாதி. காதுக்கு எட்டாது என்று அது எதையெல்லாம் கருதுகிறதோ அதையெல்லாம் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது எறிந்ததுதான். (அந்த வித்தியாசத்துக்கு ‘எச்சம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்களுக்கு நல்ல சொல்தான். எனக்கென்னவோ படிக்கும்போதெல்லாம் காக்காய்தான் நினைவுக்கு வருகிறது. ‘மிச்சம்’ போதுமே.)

இதை நானே ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். குறுந்தகட்டு ஒலி நொடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 16 பிட், இரண்டு தடம். ஆக நொடிக்கு 14,11,200 பிட். 4 நிமிடத்துக்கு 4,23,36,000 பைட். ஃபிளாக் ஆக்கியதும் பாதியை ஒட்டி இறங்கியது. திரும்ப விரித்தேன்: அதே 4,23,36,000 பைட், எம்டி5 கையொப்பமும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறி) எழுத்துக்கு எழுத்து அதே. ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியிலேயே மூல ஒலியின் எம்டி5-ஐப் பதிந்து வைக்க இடம் இருக்கிறது. அதாவது ‘மீட்டுப் பார், சரியாக வந்ததா என்று நீயே சொல்’ என்று கோப்பே கேட்கிறது.

இந்த ‘மீட்டு’தான் என்னை ‘முழுமீட்பு’ என்ற சொல்லுக்குக் கொண்டுபோனது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், போன எடையில் அப்படியே வருகிறது. உருக்கிச் செய்தால் சேதாரம் போகும். வீணையை மீட்டுவதும் காதில் விழுகிறது, அது வேறு வினை என்றாலும். எதிர்ச்சொல்லாகக் ‘குறைமீட்பு’ தானாகவே வந்து நிற்கிறது. இரண்டு நாள் இந்தச் சொல்லோடு பெருமையாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் கையேட்டின் உள்ளடக்கப் பக்கத்தை, தொழில்நுட்பம் அதிகம் தெரியாத ஒரு நண்பரிடம் காட்டினேன். ‘நிறுவுதல்’, அதன் கீழே ‘முழுமீட்பு’, அதன் கீழே ‘பேட்டரி’. பார்த்ததும் சொன்னார்: “ஓ, பிளேயர் செத்துப்போனால் பழையபடி கொண்டுவருவது எப்படி என்று இதில் இருக்குமா?” அவ்வளவுதான். தரவு மீட்பு, கணக்கு மீட்பு என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேலை கொடுத்துவிட்டார்கள். அதிலும் ஒரு கருவியின் நிலைப்பொருளையே (ஃபெர்ம்வேர், கருவியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) மாற்றச் சொல்லும் கையேட்டில் ‘முழுமீட்பு’ என்று தலைப்பு வைப்பது, தெரிந்தே ஆளைக் குழப்புவது. விலக்கிக்கொள்கிறேன்.

‘சேதாரமில்லா’ என்று யாராவது சொல்வீர்கள் என்று தெரியும், எனக்கும் நாக்கு ஊறியது. செய்முறையில் கழிந்துபோவது என்ற பொருள் இதில் இருப்பதுபோல் வேறு எந்தச் சொல்லிலும் இல்லை. ஆனால் ‘சேதாரமில்லா ஒலிக்கோப்பு’ என்றால் விளம்பர வாசகம் போல இருக்கிறது. விளக்கும்போது ஒரு வரியில் பயன்படுத்தலாம், தலைப்பில் வேண்டாம்.

கடைசியில், பலரும் ஏற்கனவே எழுதிவரும் ‘இழப்பற்ற’வுக்கே வந்து சேர்கிறேன், ஒரு சின்ன வெட்டோடு: இழப்பிலா. ஈடிலா, நிகரிலா மாதிரி நாக்கில் பழகிய அமைப்பு. இழப்பிலாச் சுருக்கம், இழப்பிலாக் கோப்பு என்று ஒட்டிக்கொண்டு போகும். எம்பி3 மாதிரியான மற்ற வகைக்கு (‘லாஸி’) ‘இழப்புறு’. ‘இழப்புள்ள’ என்றால் கோப்பே பழுதானது என்று தோன்றுகிறது. ‘இழப்புறு’ என்றால் சுருக்கும்போது இழப்பு நேர்கிறது என்று செயலைச் சொல்கிறது. கொஞ்சம் புலவர் வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இதைவிட எளிதாகக் கிடைத்தால் மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்வேன்.

அப்புறம், ‘இழப்பிலா’ என்றால் எல்லாம் சுகம் என்றும் கையேடு சொல்லிவிடக் கூடாது. மங்கீஸ் ஆடியோவும் இழப்பிலா முறைதான். ஆனால் அதில் சுருக்க எவ்வளவு கணக்குப் போட வேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவும் விரிக்கவும் போட வேண்டும். உச்ச அளவில் சுருக்கிய கோப்பைக் கொடுத்தால் பழைய பிளேயர் திக்கித் திணறும். ஃபிளாக்கில் பாரமெல்லாம் சுருக்கும் கணினியோடு போய்விடுகிறது, விரிப்பது மிக லேசு. ஆனாலும் வட்டு உள்ள பிளேயரில் பேட்டரி வேறு வழியில் கரையும். என் ஐபாடில் நினைவகம் 32 மெகாபைட்; அது தீரும்போதெல்லாம் வட்டு சுழன்று நிரப்ப வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் கேட்டால், ஃபிளாக் ஓடும்போது நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டு விழித்துச் சுழல்வது தோலில் தெரியும். 128 கிலோபிட் எம்பி3-க்கு இருபது நிமிடத்துக்கு மேல் சத்தமே இருக்காது.

நிலைப்பொருள் பற்றி. ‘மாற்று நிலைப்பொருள்’ முரண்தொடை ஆயிற்றே, நிலையானதை எப்படி மாற்றுவது என்று கேட்டவருக்கு: கேள்வி நியாயமானது. 1967-இல் ஆஷர் ஓப்லர் ‘ஃபெர்ம்வேர்’ என்று எழுதியபோது நிலைத்திருப்பதை அவர் சொல்லவில்லை. வன்மைக்கும் மென்மைக்கும் நடுவில் உள்ள இறுக்கத்தைச் சொன்னார். ‘உறைபொருள்’ என்று வந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும், உள்ளே உறைவது என்றும் ஆகும், இறுகியது என்றும் ஆகும். ஆனால் நிலைப்பொருள் ஊன்றிவிட்டது, இப்போது பிடுங்குவது வீண் வேலை. ‘மாற்று’ என்பதில் எனக்கு முழு திருப்தி. ராக்பாக்ஸ் பழையதை அழிப்பதில்லை, பக்கத்தில் குடியேறுகிறது. ஐபாடை இயக்கியதும் ஹோல்டு பொத்தானைத் தள்ளினால் ஆப்பிளின் நிலைப்பொருளே எழுந்து வரும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்பதும், ஒன்று இருக்க இன்னொரு வழி என்பதும் ‘மாற்று’வில் சேர்ந்தே இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயம் கையேட்டில் சேர்க்கத் தக்கது. 2001-இல் ஆர்க்கோஸ் பிளேயருக்காக ராக்பாக்ஸ் தொடங்கியபோது, அதில் எம்பி3-ஐ விரித்தது தனிச் சில்லு. நிலைப்பொருளை எவ்வளவு மாற்றினாலும் அந்தச் சில்லுக்கு ஃபிளாக் சொல்லித்தர முடியாது. ஐரிவர் எச்100 வரிசை போல, செயலியே கணக்குப் போட்டு ஒலியை விரிக்கும் கருவிகளுக்கு வந்த பிறகுதான் இழப்பிலா முறைகள் கைகூடின. ஆகவே ‘மாற்று நிலைப்பொருள் போட்டால் எந்தப் பிளேயரிலும் ஃபிளாக் கேட்கலாம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

‘கேப்லெஸ்’ஸுக்கு (ஒரு பாட்டு முடிந்ததும் நடுவில் மௌனமில்லாமல் அடுத்தது தொடர்வது) ‘இடைவெளியற்ற’ என்பதைவிட ‘இடையறா’. எம்பி3 1152 மாதிரி கொண்ட சட்டங்களாக நறுக்கும், பாட்டு சரியாக அந்த மடங்கில் முடியாவிட்டால் மௌனத்தை அடைக்கும். ஃபிளாக்கின் கடைசித் துண்டு எவ்வளவு குட்டையாகவும் இருக்கலாம், அதனால் அடுத்த பாட்டு தொடுத்தாற்போல் வந்துவிடும்.

கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் நிரல்), பிட் இரண்டையும் அப்படியே விட்டுவிடுவோம். ‘இழப்புறு’வுக்கு ஆட்சேபம் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். சொற்பட்டியலில் ‘தரம் குன்றா’வை இப்போதே அடித்துவிட்டேன்.