ஸ்டாண்ட்பை: வால் செக்மென்ட் நீக்கப்பட்டுவிட்டது என்கிறது

போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ். இரவு முழுக்க நின்றிருந்த ஸ்டாண்ட்பையை (பிரைமரி என்ற முதன்மை சர்வரின் நகலாக ஓடும் சர்வர்) கிளப்பினால், அது கேட்ட வால் (WAL, மாற்றங்களைப் பதியும் லாக்) செக்மென்ட் பிரைமரியில் ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது என்று லாக் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்லாட் (ஸ்டாண்ட்பை வாங்கும்வரை வாலை நீக்காமல் வைக்கும் ஏற்பாடு) வைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
வால் ஆர்க்கைவ் (வால் கோப்புகளைத் தனியே சேமித்த இடம்) இருக்கிறதா? இருந்தால் ஸ்டாண்ட்பையில் ரிஸ்டோர்_கமாண்ட் செட்டிங் கொடுங்கள். விட்டுப்போன கோப்புகளை (வழக்கமாக 16 எம்பி ஒவ்வொன்றும்) அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். 14இல் ரீலோடு போதும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

கேட்டவர்:
ஆர்க்கைவ் இல்லை.

பதில் 2:
அப்படியானால் மறுபடி கட்டத்தான் வேண்டும். ஸ்டாண்ட்பையை நிறுத்தி, அதன் டேட்டா டைரக்டரியைக் காலிசெய்து (எந்த மெஷினில் இருக்கிறீர்கள் என்று இருமுறை பாருங்கள்!), பிஜி_பேஸ்பேக்கப்பை (பிரைமரியை முழுதாக நகலெடுக்கும் கருவி) ஆர், சி, எஸ் சுவிட்சுகளோடு ஓட்டுங்கள், மூன்றும் கேப்பிடல். ஸ்லாட்டும், ஸ்டாண்ட்பையாகக் கிளம்பச் சொல்லும் ஸ்டாண்ட்பை.சிக்னல் கோப்பும் அதிலேயே வந்துவிடும்.

பதில் 3:
ஸ்லாட் வைத்தால் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸையும் (ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் வைத்திருக்கலாம் என்ற வரம்பு) வையுங்கள். இயல்பு மதிப்பு -1, வரம்பே கிடையாது. ஸ்டாண்ட்பை படுத்துக் கிடந்தால் பிரைமரி டிஸ்க் நிரம்பி அதுவும் படுத்துவிடும்.