உக்கடத்தில் வரும் ஓரா மீன்களை வகை பிரிப்பது எப்படி?

கேள்வி (சூலூர்)
கோவை உக்கடம் மீன் சந்தையில் ஓரா என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவற்றில் இரண்டு வகை கலந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்றின் மேல் பொடிப்பொடியான வெண்புள்ளிகள் இருக்கின்றன; மற்றதன் வயிற்றுப்புறத்தில் கோடுகள் தெரிகின்றன. ஐஸில் கிடந்து நிறம் மங்கியபின் இவற்றைப் பிரித்தறிய முதுகு முட்களை எண்ணினால் போதுமா?

மறுமொழி 1 (ஈரோடு)
முட்களை எண்ணிப் பயனில்லை. முதுகில் 13, குதத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று என்பது ஓரா இனம் முழுவதற்கும் பொதுவான கணக்கு; பிற மீன்களிலிருந்து ஓராவைப் பிரிக்க அது உதவுமே தவிர, ஓராக்களுக்குள் உதவாது. நிறமோ அதைவிட மோசம். உயிரோடிருக்கும்போதே இரவிலும் அச்சத்திலும் திட்டுத்திட்டாக மாறிக்கொள்ளும் மீன் இது.

மீனை நன்றாகக் கழுவி, ஈரம் காயுமுன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதுகில் புள்ளிகளாகத் தொடங்குபவை கீழே இறங்க இறங்க நீண்டு, வயிற்றருகே அலையலையான கோடுகளாகி, வாலும் கறுத்திருந்தால் அது சிகானஸ் ஜாவஸ். குண்டூசித் தலையளவுப் புள்ளிகள் கோடாகாமல் புள்ளிகளாகவே நின்று, செவுள் மூடியின் மேல்முனைக்குப் பின்னால் மங்கலான கருந்திட்டும் தென்பட்டால் சிகானஸ் கனாலிகுலேட்டஸ் எனலாம். ஆனால் அந்தத் திட்டு எல்லா மீன்களிலும் தெளிவாக இராது. தோல் உரசிப்போயிருந்தால் உடலின் அகலத்தைப் பாருங்கள்: ஜாவஸின் நீளம், வாலை நீக்கிவிட்டுப் பார்த்தால், அகலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, மற்றது ஒடிசலானது, இரண்டரை மடங்கு வரும்.

மறுமொழி 2 (பொள்ளாச்சி)
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் புள்ளி ஓராவின் படத்தைச் சிலர் சிகானஸ் ஃபுசெசென்ஸ் என்று பெயரிட்டு வெளியிடுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். மரபணு ஆய்வுகளில் இவ்விரண்டும் தெளிவாகப் பிரியாததால், ஒரே இனமாகவே கருதும் ஆய்வாளர்களும் உண்டு. சந்தையில் நின்று அதைத் தீர்க்க முயல்வது வீண் வேலை.

மறுமொழி 3 (திருப்பூர்)
வகை எதுவானாலும் கையாளும்போது கவனம் தேவை, ஐயா. செத்து ஐஸில் கிடக்கும் ஓராவின் முள்ளிலும் நஞ்சு இருக்கும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குப் பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கமோ மூச்சுத் திணறலோ கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சமைக்கும் சூட்டில் நஞ்சு சிதைந்துவிடும் என்பதால் உண்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. பாசி மேயும் மீன் என்பதால் குடலை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், இல்லையெனில் அதன் வாடை சதையில் ஏறிவிடும்.