ஓய்வு நாள்கள் இல்லாத எவரெஸ்ட் அடிவார முகாம் பயணத் திட்டம் பாதுகாப்பானதா?

கேள்வி:
5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லவிருக்கும் எங்கள் குழுவுக்கு, நாம்சே பஜாரிலும் டிங்போச்சேயிலும் வழக்கமாக எடுக்கும் ஓய்வு நாள்களை நீக்கிய திட்டம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். நாங்கள் அனைவரும் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்கள். உடல் உறுதி உயர நோயைத் தடுக்குமா? அசெட்டசோலமைடு மாத்திரை எடுத்துக்கொண்டால் ஓய்வு நாள்களைக் கைவிடலாமா?

மறுமொழி 1:
தடுக்காது. எவ்வளவு உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதமே இருக்கிறது, குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இதற்கு உடல் பழகுவதற்கு நாள்கள்தாம் தேவை. பயிற்சி அந்த நாள்களைக் குறைக்காது. 3,000 மீட்டரைக் கடந்தபின் இரவில் தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்று மலை மருத்துவ வல்லுநர்கள் அறிவுறுத்துகிறார்கள். நாம்சே 3,440 மீட்டர், டிங்போச்சே 4,410 மீட்டர். உங்கள் திட்டத்தில் வெட்டப்பட்டிருப்பவை இந்த விதி கேட்கும் அதே இரவுகள். எனக்குத் தந்திருந்தால் மறுத்திருப்பேன்.

மறுமொழி 2:
அசெட்டசோலமைடு உடல் பழகுவதை விரைவுபடுத்தும். படிப்படியாக ஏறுவதற்கு மாற்றாகாது. பெரியவர்களுக்குத் தடுப்பு அளவாக 125 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரிந்துரைக்கப்படுகிறது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
தலைவலியுடன் குமட்டலோ, பசியின்மையோ, மிகுந்த சோர்வோ, தலைசுற்றலோ சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர நோயாகவே கொண்டு, குணமாகும்வரை ஏறாமல் தங்குங்கள். குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி அடிமேல் அடி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, மூளை வீங்குகிறது என்று கொள்ளுங்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல், விடாத இருமல் ஆகியவை நுரையீரலில் நீர் கோப்பதன் அறிகுறிகள். தலைவலி இல்லாமலும் இது வரும். இவ்விரண்டிலும் விடியும்வரை காத்திருப்பது ஆபத்து. உடனே 300 முதல் 1,000 மீட்டர்வரை கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும், மூளை வீக்கத்துக்குத் தரப்படும் டெக்சாமெத்தசோன் மருந்தும் இறங்குவதற்கான அவகாசத்தையே தரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு ஓய்வு நாள்களையும் சேர்க்காவிட்டால் முன்பதிவை விலக்கிக்கொள்வதாக இன்றே எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் முடியாமல் போனால் மற்றவர்கள் தொடரலாமா?

மறுமொழி 3:
தொடரலாம், ஆனால் நோயுற்றவரைத் தனியாக இறங்க விடக் கூடாது. அவருடன் செல்லப்போகும் உதவி வழிகாட்டி யார் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.