ஸ்பூல் டேப் ரிக்கார்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினர்க்கு வணக்கம்.

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் பழைய ஒலிக்கருவிகளைக் காட்சிக்கு வைக்கிறோம். பெயர்ப்பலகைகள் வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்கெல்லாம் பெயர் அமைந்துவிட்டது; 1960களில் ஜெர்மனியில் வீட்டுப் பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட ஒரு கருவி மட்டும் இடிக்கிறது. மூடியைத் திறந்தால் மேலே இரண்டு வட்டுகள், அவற்றுக்குக் கீழே ஒலித்தலைகள், பதிவின் அளவைக் காட்டும் பச்சைக் கண். கொடுத்த வீட்டுப் பெரியவர் இதை 'ஸ்பூல் டேப்' என்றே சொன்னார். நான் 'ஒலிநாடாப் பதிவுக் கருவி' என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்த மாணவர், ஒலிநாடா என்பது கேசட் அல்லவா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டைக் கொண்டுவரும் வரை இந்தக் கருவிக்கு அடைமொழியே வேண்டியிருக்கவில்லை, இப்போது வேண்டியிருக்கிறது. 'இருசுருள் ஒலிப்பதிவி' பொருந்துமா?

— கோவையிலிருந்து

அன்புடையீர்,

'பதிவி' கூடாது. கருவிப் பொருள் தரும் இகர விகுதி வினைப்பகுதியோடு சேரும்: துருவு, துருவி, வெட்டு, மண்வெட்டி. 'பதிவு' முன்பே தொழிற்பெயராகிவிட்ட சொல். அதன் தலையில் இன்னொரு விகுதியை ஏற்றினால் தாங்காது. 'கருவி' என்றே முடியுங்கள். நாடா என்பதும் இந்துஸ்தானி வழி வந்த சொல்லே. 'காந்தப்பட்டை' என்று ஆள்வதில் என்ன தடை? காந்தம் வடசொல் என்று சிலர் கிளம்புவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: காந்துதல் என்னும் வினையடியாகப் பிறந்தது அது, வயிறு காந்துகிறது என்று இன்றும் சொல்கிறோம்.

— மதுரையிலிருந்து

ஐயா அவர்களுக்கு,

வயிறு காந்துவதற்கும் இரும்பை இழுப்பதற்கும் என்ன உறவு என்பது எனக்குப் பிடிபடவில்லை. அயஸ்காந்தம் என்ற வடசொல்லை எண்ணியே சிலர் கிளம்புகிறார்கள். அது கிடக்கட்டும். எங்கள் தெருவில் நாடா என்றால் தறியில் ஊடை இழையோடு இடமும் வலமும் ஓடுவது. அதற்குள் நூல் சுற்றி வைக்கும் குச்சிக்குத் தார் என்று பெயர். என் தாயார் ராட்டையில் தார் சுற்றியே எங்களைப் படிக்க வைத்தார். சுற்றி வைத்துக்கொண்டு, இழுக்க இழுக்க விட்டுக்கொடுப்பதுதான் தாரின் வேலை. இந்தக் கருவியின் வட்டும் வேறென்ன செய்கிறது? 'இருதார் ஒலிப்பதிவுக் கருவி' என்று வையுங்கள். சொல் கைவசம் இருக்கும்போது எதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும்?

— சின்னாளப்பட்டியிலிருந்து

தார் என்றால் சங்கப் பாடலில் மாலை, சந்தையில் வாழைத்தார், சாலையில் கீல். மாணவருக்கு மூன்றாவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

— மதுரையிலிருந்து

நண்பர்களே,

பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு தடை சொல்கிறேன். 'இருசுருள்', 'இருதார்' இரண்டுமே வேறுபாட்டைக் காட்டவில்லை. கேசட்டைத் திருகாணி கழற்றிப் பாருங்கள். உள்ளே அங்கேயும் இரண்டுதான். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, மூடாமல் இருப்பதில் இருக்கிறது. கேசட்டை அப்படியே செருகிவிடலாம். இங்கே இடப்பக்க வட்டிலிருந்து இரண்டு சாண் நாடாவை இழுத்து, ஒலித்தலைகளின் முன்னால் உள்ள பிளவில் முறுக்கில்லாமல் இறக்கி, வலப்பக்க வட்டின் நடுக்கீறலில் நுனியைச் சொருகி, விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். 7 அங்குல வட்டில் 1200 அடி நாடா பிடிக்கும்; விநாடிக்கு 3.75 அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிடம். கச்சேரி பதிந்தவர்களின் நாடாக்களில் தனி ஆவர்த்தனத்தின் நடுவே ஒலி அறுந்துபோவதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

'காந்தப்பட்டை' வங்கி அட்டையின் முதுகில் இருக்கும் கறுப்புக் கோட்டுக்குப் போய்விட்டது. திரும்பக் கேட்க முடியாது. நாடாவை விட்டுவிட வேண்டாம். 1928இல் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றபோது அது காந்தப் பொடி ஒட்டிய வெறும் காகிதக் கீற்று. அதை ஓட்டும் கருவியை ஏ.இ.ஜி. நிறுவனம் 1935இல் பெர்லின் கண்காட்சியில் காட்டியது. ஜெர்மானியர் வைத்த பெயர் 'டோன்பாண்ட்': டோன் ஒலி, பாண்ட் நாடா. நம் ஒலிநாடா அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. என் பரிந்துரை: 'திறந்த சுருள்நாடா ஒலிப்பதிவுக் கருவி'.

— சென்னையிலிருந்து

'சுருள்நாடா' என்று எழுதுவது புணர்ச்சி விதிக்கு ஒவ்வாது. ளகரத்தை அடுத்த நகரம் ணகரமாகும், நின்ற ளகரம் கெடும். அருள் என்பதோடு நந்தி சேர்ந்துதான் அருணந்தி சிவாசாரியார் ஆனார். ஆகவே, நாடாவை ஏற்பதானால், 'சுருணாடா'.

— மதுரையிலிருந்து

சுருணாடா என்று பலகையில் எழுதினால் அது ஏதோ ஊர்ப்பெயர் என்று எண்ணிக்கொள்வார்கள், ஐயா.

— சென்னையிலிருந்து

அனைவருக்கும் நன்றி.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் ஒத்துக்கொண்டபடி 'சுருள் நாடா ஒலிப்பதிவுக் கருவி' என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஸ்பூல் டேப் ரிக்கார்டர்' என்றும் கொடுத்துவிட்டேன். 'திறந்த' என்ற சொல் பலகையின் அகலத்துக்குள் அடங்கவில்லை. சென்னை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சுருளுக்கும் நாடாவுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறேன். விளக்கக் குறிப்பில் அந்த இரண்டையும் 'வட்டு' என்றே எழுதியிருக்கிறேன்.

— கோவையிலிருந்து

இடைவெளி விட்டுவிட்டால் விதி ஓடிப்போய்விடாது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

— மதுரையிலிருந்து

கருவிக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள், சரி. வட்டு என்றால் பிள்ளைகளுக்குக் குறுவட்டுத்தான் தெரியும். அதில் எதையும் சுற்ற முடியாது. நாடாவைச் சுற்றி வைத்திருக்கும் அந்தப் பொருளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தார் அங்கேயேதான் இருக்கிறது.

— சின்னாளப்பட்டியிலிருந்து