கணவாய் நரம்பு எக்செல்ல துடிக்க மாட்டேங்குதுங்க, யாராவது பாருங்க

அம்மாபேட்டை_டீச்சர்:
வணக்கம்ங்க. பிளஸ் ஒன்னுக்கு விலங்கியல் எடுக்கறேன். நரம்புப் பாடத்துல செயல்நிலை மின்னழுத்தப் படத்தை (நரம்பு ஒருதரம் துடிக்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கற படம்) பசங்க கோலம் மாதிரி மனப்பாடம் பண்ணி வரைஞ்சிடறாங்க. ஏன் ஏறுது, ஏன் இறங்குதுன்னு கேட்டா முழிக்கறாங்க. அதான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க கணவாய் நரம்பை வச்சு 1952ல எழுதின சமன்பாட்டையே எக்செல்ல போட்டு ஓட்டிக் காட்டலாம்னு உக்காந்தேன்.

ஒரு வரிக்கு 0.05 மில்லி செகண்ட், மொத்தம் 400 வரி. ஆரம்பம் மைனஸ் 65 மில்லிவோல்ட். சோடியம் கடத்துதிறன் 120, பொட்டாசியம் 36, கசிவு 0.3. தூண்டல் மின்னோட்டம் 10. வெப்பநிலைக்குத் தனியா ஒரு செல்.

கொஞ்ச வரியிலேயே நம்பர் எரர் வந்து ஷீட் பூரா செத்துடுது. ரெண்டு நாள் ராத்திரி ஃபார்முலாவை எழுத்தெழுத்தா சரி பாத்துட்டேன், தப்பே தெரியல. வியாழக்கிழமை கிளாஸ்.

(இதுக்கு நடுவுல, "கணவாய் நரம்பு"ன்னு போர்டுல எழுதினதும் ஒருத்தன், "டீச்சர், மஞ்சவாடி கணவாய்லயா?"ன்னு கேட்டான். இது கடல்ல இருக்கற ஊசிக் கணவாய்டான்னு விளக்கறதுக்கே பத்து நிமிஷம் போச்சு.)

அஸ்தம்பட்டி_கோடர்:
டீச்சர், ஷீட்ல எம் (m) இருக்கற நெடுவரிசையைப் பாருங்க. எம், எச், என் (m, h, n) மூணும் சோடியம், பொட்டாசியம் போற கால்வாய்களோட கதவு திறந்திருக்கற விகிதம். 0க்கும் 1க்கும் நடுவுலதான் இருக்கணும். வெளிய போகுதா?

அம்மாபேட்டை_டீச்சர்:
ஆமாங்க! ஏழெட்டு வரியிலேயே எம் மைனஸ்ல இருக்கு, அடுத்த வரியில 1ஐத் தாண்டுது.

அஸ்தம்பட்டி_கோடர்:
அப்ப ஃபார்முலா தப்பில்ல, ஒரு வரிக்கு நீங்க வச்ச 0.05 மில்லி செகண்ட் நேர இடைவெளிதான் பெருசு. போய்ச் சேர வேண்டிய மதிப்பைத் தாண்டிக் குதிக்குது, திரும்பி வரும்போது அதைவிட அதிகமா குதிக்குது. 0.001 போட்டுப் பாருங்க. வரி 20,000 ஆகும், பரவால்ல.

ஆனா ஒண்ணு உதைக்குதுங்க. இந்த மாடலுக்கு 0.05 சாதாரணமா தாங்கும். வேற எங்கயோ ஏதோ வேகமா ஓடுது.

அம்மாபேட்டை_டீச்சர்:
போட்டேன். லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி கத்துது. எரர் போயிடுச்சு, ஆனா துடிப்பே இல்லைங்க! மைனஸ் 65ல இருந்து லேசா மேல வந்து அப்படியே படுத்துக்குது. இதுக்கு எரரே தேவலாம் போல.

ஏற்காடு_அடிவாரம்:
அம்மா, வெப்பநிலை செல்லுல என்ன போட்டிருக்கீங்க?

அம்மாபேட்டை_டீச்சர்:
37 சார். உடம்பு வெப்பநிலைதானே?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு:
சேலத்து ஏப்ரல் மாசத்தைப் போட்டுட்டாங்க 😀

ஏற்காடு_அடிவாரம்:
சிரிக்காதீங்கப்பா, எல்லாரும் ஒருதரம் விழற குழிதான் இது. கல்லூரியில உடலியங்கியல் எடுத்த காலத்துல நானும் விழுந்திருக்கேன்.

அந்த எண்களெல்லாம் குளிர்கடல் கணவாயோட ராட்சத நரம்புல 6.3 டிகிரிக்கு எடுத்தது. ஏற்காட்டு மார்கழியே அதுக்குப் பத்தாது. 10 டிகிரி ஏறினா கதவுகளோட வேகம் 3 மடங்குன்னு மாடல்ல வச்சிருக்காங்க. 6.3ல இருந்து 37க்குக் கணக்குப் போட்டா சுமார் 29 மடங்கு வருது. உங்க எம் தாண்டிக் குதிச்சதுக்கும் இதேதான் காரணம்.

இப்ப துடிப்பு ஏன் படுத்துக்குச்சுன்னு பாப்போம். நம்ம பக்கம் ஜவ்வரிசி மில்லுல தொட்டி பாத்திருப்பீங்க. செல் சவ்வு அந்தத் தொட்டி. சோடியம் கால்வாய் தண்ணி விடற குழாய், பொட்டாசியம் கால்வாய் வடிகால். சோடியம் கால்வாய்க்கு ரெண்டு விதக் கதவு. எம் சட்டுனு திறக்கும். எச் கொஞ்சம் பொறுத்து மூடும். என், அதாவது பொட்டாசியம் கதவு, அதுவும் மெதுவாத்தான் திறக்கும். அந்தத் தாமதத்துக்குள்ள தொட்டி நிரம்பறதுதான் துடிப்பு. சூட்டுல கதவெல்லாம் 29 மடங்கு வேகமாயிடுச்சு, தொட்டியோ அதே தொட்டி. சவ்வோட மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு அதே 1 மைக்ரோஃபாரட்தான். தண்ணி ஏறறதுக்கு முன்னாடியே எச் மூடி, வடிகாலும் திறந்துடுது. எங்க துடிக்கும்?

இது கணக்குக் கோளாறு மட்டும் இல்ல. நிஜக் கணவாய் நரம்பே 35-40 டிகிரியில கடத்தறதை நிறுத்திடும், ஆற வச்சா திரும்பக் கடத்தும்னு 1949லயே ஹாட்ஜ்கினும் காட்ஸும் காட்டிட்டாங்க. நம்ம நரம்புக் கால்வாய் வேற அளவு, வேற வேகம். கணவாய் எண்ணை வச்சுக்கிட்டு மனுஷன் சூட்டைப் போடக்கூடாது.

வெப்பநிலையில 6.3 போட்டு, நேர இடைவெளியை 0.01 ஆக்குங்க. 2,000 வரி போதும்.

அம்மாபேட்டை_டீச்சர்:
சார்!!! வந்துடுச்சு. 20 மில்லி செகண்டுல ரெண்டு துடிப்பு. உச்சி ப்ளஸ் 40 பக்கம், அப்புறம் மைனஸ் 65க்கும் கீழ ஒரு பள்ளம் விழுந்து மெதுவா ஏறுது. புத்தகப் படமேதான். ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன்.

அஸ்தம்பட்டி_கோடர்:
😀 ஹக்ஸ்லி இதைக் கைப்பிடி சுத்தற கால்குலேட்டர்ல போட்டார்ங்க. கேம்பிரிட்ஜ் கணினியை அப்ப மாத்தி அமைக்கப் பிரிச்சு வச்சிருந்தாங்களாம். உங்க ஃபேன் கத்தினது பெருசா?

சூரமங்கலம்_நர்சிங்:
இடையில ஒரு சந்தேகம் டீச்சர். மின்னழுத்தம் திரும்ப இறங்கறது சோடியம்-பொட்டாசியம் பம்பாலதானே? இந்த ஷீட்ல பம்பே காணோமே?

ஏற்காடு_அடிவாரம்:
நல்ல கேள்விம்மா. அப்படித்தான் பாதிப் பேர் படிச்சிருக்காங்க, நோட்ஸ்லயும் அப்படியே எழுதி வச்சிருக்காங்க. இறக்கறது பம்பு இல்ல. எச் மூடறதும், திறந்த என் வழியா பொட்டாசியம் வெளிய போறதும்தான். ஒரு கால்வாய் செகண்டுக்குக் கோடி அயனி வரைக்கும் விடும். பம்பு ஒரு சுத்துக்கு 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், செகண்டுக்குச் சில நூறு அயனிதான். ஒரு மில்லி செகண்டுல அதால என்ன பண்ண முடியும்?

பம்போட வேலை நீண்ட கால இருப்புக் கணக்கு. ஒரு துடிப்புக்கு 100 மில்லிவோல்ட் ஏத்த ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மோல்ல லட்சம் கோடியில ஒரு பங்கு சோடியம் போதும். ராட்சத நரம்புல பம்பை நிறுத்தினாலும் ஆயிரக்கணக்குல துடிக்கும்.

அம்மாபேட்டை_டீச்சர்:
ஐயோ, போன வருஷம் நானே பம்புன்னுதான் சொல்லிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அதையும் திருத்திடறேன். எச் நெடுவரிசையை 0.6லயே நிறுத்தி வச்சு ஒரு தரம் ஓட்டிக் காட்டலாமா சார், சோடியம் மூடலேன்னா என்ன ஆகும்னு?

ஏற்காடு_அடிவாரம்:
தாராளமா. மேல போனது சரியா இறங்காது பாருங்க. வெப்பநிலை செல்லை மட்டும் பூட்டிடாதீங்கம்மா. அந்த மஞ்சவாடிப் பையன் கையில கொடுத்து ஒவ்வொரு டிகிரியா ஏத்தச் சொல்லுங்க.