‘அமிலச் சோதனை’யா, உரைகல்லா?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
‘இந்த மழைதான் புதுப் பாலத்துக்கு அமிலச் சோதனை’ என்று ஒரு செய்தியில் படித்தேன். சொன்ன சொல் மெய்தானா என்று அம்பலமாகும் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஆசிட் டெஸ்ட்’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்துவிட்டார்கள். தங்கத்தை உரசித் தரம் பார்க்கும் கல்லான உரைகல் என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது இது எதற்கு?

ஏற்காட்டு டீச்சர்:
அண்ணா, அந்த ஆங்கிலச் சொல்லே நகைத் தொழிலில் பிறந்ததுதான். நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. பித்தளையில் ஒரு சொட்டு விட்டால் பச்சையாகப் பொங்கும். உங்கள் பட்டறையிலும் அதே திராவகம் இருக்கிறதே, அப்புறம் எப்படி அந்நியமாகும்?

கொலுசுப் பட்டறை:
இருக்கிறதுங்க. ஆனால் நகை மேல் நேராக விட்டால் பொருள் கெட்டுவிடும். தங்கம் வந்தால் முதலில் கறுப்புக் கல்லில் ஒரு இழுப்பு. பக்கத்தில், மாற்று (தங்கத்தின் தரம்) தெரிந்த துண்டால் இன்னொரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்து இரண்டின் நிறத்தையும் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டின் மேல்தான் திராவகம். மட்டமான சரக்கென்றால் கோடு கரைந்துபோகும். வெள்ளிக்கு வேறு வழி: திராவகத்தில் கரைந்ததில் உப்புத் தண்ணீர் விட்டால் பால் திரிந்தது போல வெள்ளையாகத் திரளும். அவரவர் செயலே ‘கட்டளைக் கல்’ என்கிறது குறள் 505. அதுவும் இந்த உரைகல்தான்.

ஏற்காட்டு டீச்சர்:
குறளை மறுக்கவில்லை. உரைகல் மாற்று எவ்வளவு என்று ஒப்பிட்டுச் சொல்லும். அமிலம் தாங்குமா, கரையுமா என்று ஒரே அடியில் சொல்லிவிடும். பாலத்துக்கு வருவது இந்த இரண்டாவது வகை. என் வகுப்பில் பாதிப் பேர் உரைகல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. அமிலத்தை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

பழைய பஸ் ஸ்டாண்ட்:
ஒரே அடியென்றால் ‘அக்கினிப் பரீட்சை’ இருக்கிறதே?

ஏற்காட்டு டீச்சர்:
அந்தச் சொல்லை நான் பிள்ளைகளுக்குத் தர மாட்டேன். சீதை மேல் குற்றமில்லை. ஆனாலும் அவள்தான் தீயில் இறங்க வேண்டியிருந்தது. ஒரு கூற்றின் உண்மையைச் சோதிப்பதும் ஒரு பெண்ணைச் சந்தேகிப்பதும் ஒன்றா?

கொலுசுப் பட்டறை:
அது நியாயம். நானும் இனி அதை எழுத மாட்டேன். ஆனால் அமிலச் சோதனைக்கு இன்னும் ஒப்பவில்லை. ‘பாலம் தாங்குமா என்பது இந்த மழையில் தெரிந்துவிடும்’ என்றாலே போதுமே, உவமை எதற்கு? உரைகல்லைப் பார்க்காத பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள். ஆளுக்கு ஒரு கோடு இழுக்கட்டும்.

ஏற்காட்டு டீச்சர்:
கட்டாயம் வருகிறோம் அண்ணா. கோட்டின் மேல் திராவகம் விடுவதையும் நீங்கள் காட்ட வேண்டும்.