பின்னணி இசையில முதல் 5: நம்ம குழுவோட பட்டியல்

கார்த்தி 8:12
ஞாயித்துக்கிழமைக்குள்ள பட்டியல முடிச்சிடலாம். எந்த மொழிப் படமா இருந்தாலும் சரி, பின்னணி இசைக்கு மட்டும் முதல் 5. என் ஓட்டு:
1. இன்டர்ஸ்டெல்லார்
2. சைக்கோ
3. ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்
4. நாயகன்
5. ஜாஸ்

மீனா அக்கா 8:15
நாயகன் பின்னணிக்கா, பாட்டுக்கா? மொதல்ல அதச் சொல்லு. பாட்டையும் சேர்த்தா பட்டியலே வேற.

கார்த்தி 8:16
பின்னணிக்குத்தான் அக்கா. ஆனா ‘தென்பாண்டிச் சீமையிலே’ மெட்டுதான் படத்துல திரும்பத் திரும்ப வருது. அதப் பாட்டுன்னு ஒதுக்கினா பின்னணில பாதி போயிடுமே.

ராஜு மாமா 8:21
ஒதுக்கக் கூடாது. ஹை நூன் (1952) பாரு. டிமிட்ரி டியோம்கின் ஆரம்பத்துல ஒரு பாட்டு போட்டார், அதே மெட்ட உடைச்சு உடைச்சு படம் பூரா வாத்தியத்துல கொண்டு போனார். ஆஸ்கர்ல பாட்டு விருதும் அதுக்கே, இசை விருதும் அதுக்கே. மெட்டு எங்க பொறந்துச்சுங்கிறது முக்கியமில்ல. காட்சி மாறுறப்ப மெட்டும் மாறுதா? நாயகன்ல மாறுது. ஆறுதலா வர்ற இடமும் உண்டு, சாவுக்கு வர்ற இடமும் உண்டு. மெட்டு ஒண்ணுதான், பொருள் வேற.

மீனா அக்கா 8:22
அப்ப சரி. நாயகன் இருக்கட்டும்.

பெரியப்பா 8:34
ஓட்டுக்கு முன்னாடி ஒரு சோதனை வைங்க. இல்லன்னா முணுமுணுக்க வர்ற மெட்டுக்கே எல்லாரும் ஓட்டுப் போடுவீங்க.
ஒரு காட்சிய எடுத்துக்குங்க, 3 நிமிஷம் போதும். முதல் தரம் சத்தமே இல்லாமப் பாருங்க. ரெண்டாவது தரம் திரையப் பாக்காம கேளுங்க. மூணாவது தரம் ரெண்டையும் சேர்த்து. சத்தம் இல்லாமலே எல்லாம் புரிஞ்சுட்டா இசை அங்க வெறும் அலங்காரம். மூணாவது தரத்துல, முதல் ரெண்டுலயும் இல்லாத ஒண்ணு மனசுல தட்டணும். மதிப்பெண் அதுக்குத்தான்.
போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க. கீழ் சுரம் எதுவும் அதுல வராது. ஜாஸ்ல பாதி காணாமப் போயிடும்.

அனு 8:41
ஜாஸ் (1975) இந்தச் சோதனைல தப்பாது பெரியப்பா. ஜான் வில்லியம்ஸ் அதுல சுறாவுக்குன்னு எடுத்துக்கிட்டது ரெண்டே ரெண்டு சுரம். நம்ம கணக்குல ஷட்ஜமும் சுத்த ரிஷபமும், அரைச் சுர இடைவெளிதான். தூரத்துல இருந்தா மெதுவா, கிட்ட வர வர வேகமா. இயந்திரச் சுறா கடல் தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணினதால அதக் காட்டாமலே எடுக்க வேண்டியதாச்சு. அந்த இடத்த இசை நிரப்புது. சத்தத்த நிறுத்திட்டுப் பாத்தா அது வெறும் கடல் தண்ணி.

அனு 8:44
இதவிடப் பெரிய விஷயம் அந்த இசை வராத ரெண்டு இடம். ரெண்டு பசங்க அட்டைல சுறாவோட முதுகுத் துடுப்பு மாதிரி செஞ்சு எல்லாரையும் பயமுறுத்துறப்ப அந்த ரெண்டு சுரம் வராது. இசை நம்மகிட்ட பொய் சொல்றதில்லன்னு மனசு பழகிடும். அப்புறம் படகுக்குப் பின்னால இரைய வீசிட்டு இருக்கிறப்ப, எந்த எச்சரிக்கையும் இல்லாம சுறா தலையத் தூக்கும். அங்கயும் இசை கிடையாது. பழக்கி வச்ச நம்பிக்கைய அந்த ஒரு இடத்துலதான் உடைக்கிறாங்க.

ராஜு மாமா 8:47
இது நல்ல பாயிண்ட். இசை எங்க இல்லங்கிறதுக்கும் மதிப்பெண் வைக்கணும். நான் ஜாஸை மேல ஏத்துறேன்.

கார்த்தி 8:52
இன்டர்ஸ்டெல்லார் பத்தி யாரும் பேசலயே. லண்டன் டெம்பிள் சர்ச்ல இருக்கிற பைப் ஆர்கன வாசிச்சுப் பதிவு பண்ணின இசை அது. காத்து போனாத்தான் அந்த வாத்தியம் பேசும். காத்தே இல்லாத விண்வெளிக்கு அத வச்சது ஹான்ஸ் ஜிம்மரோட பெரிய யோசனை.

மீனா அக்கா 8:58
யோசனை பெரிசுதான், மறுக்கல. ஆனா பல இடத்துல வசனம் கேக்கல. அது திட்டமிட்டுப் பண்ணின ஒலிக் கலவைன்னு இயக்குநர் நோலனே சொல்லிட்டார், சரி. பேச்சுத் தெளிவு பெரும்பாலும் 1,000-லேர்ந்து 4,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கிற பட்டைலதான் இருக்கு. ஆர்கன்ல எல்லா ஸ்டாப்பையும் (குழாய் வரிசைகளத் திறக்கிற குமிழ்) திறந்தா கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரே நேரத்துல நிரம்பிடும், குரலுக்கு எடமே மிஞ்சாது. வசனம் வர்றப்ப நடு ஸ்தாயிய மெலிசாக்கி, கீழ செலோவும் மேல மெல்லிசா வயலினும் மட்டும் ஓட விடுறதுதான் வழக்கம். ஒலிய குறைக்கக்கூடத் தேவையில்ல. ஜிம்மருக்கு ஒரு இடம்னா நான் டன்கர்க்கத்தான் (2017) சொல்வேன்.

கார்த்தி 8:59
டன்கர்க்ல மெட்டே இல்லயே அக்கா

மீனா அக்கா 9:05
மெட்டு வேண்டாம். அதுல ஷெப்பர்ட் ஒலி இருக்கு. ஒரே சுரத்த பல ஸ்தாயில ஒண்ணா மேல ஏத்துவாங்க. உச்சிக்குப் போறது மெல்ல மங்கும், அதே நேரத்துல அடியில புதுசா ஒண்ணு மெல்ல எழும்பும். காதுக்கு ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி தோணும், ஆனா எங்கயும் போய்ச் சேராது. எப்பத் தப்பிப்போம்னு தெரியாம நிக்கிறவங்களோட கதைக்கு இதவிடப் பொருத்தமா என்ன வைக்க முடியும்?

பெரியப்பா 9:10
கருத்து சரி. 5-க்குள்ள வராது. அடுத்த 5-ல வைங்க.

அனு 9:18
காட்சியோட இசை பொருந்துற கணக்கையும் பாக்கணும். ஓட்டுப் போடுறவங்களுக்கு உதவும், சொல்றேன்.
படம் நொடிக்கு 24 ஃபிரேம். 1440-ஐ ஒரு தட்டுக்கு எத்தன ஃபிரேமோ அதால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தன தட்டுன்னு வரும். 12 ஃபிரேம்னா 120 தட்டு, 16 ஃபிரேம்னா 90.
7-வது நொடில கதவு சாத்துதுன்னு வச்சுக்குங்க. 120 வேகத்துல ஒரு தட்டு அரை நொடி, அதனால 15-வது தட்டு சரியா கதவுல விழும். ஆனா நாலு நாலு தட்டா எண்ணினா 15-வது, நாலாவது சுத்தோட மூணாவது தட்டு. அழுத்தம் பத்தாது. நடுவுல ஒரு சுத்த மட்டும் 2 தட்டா வெட்டினா கதவு புது சுத்தோட முதல் தட்டுல வந்து விழும்.
எடிட்டர் கடைசி நேரத்துல காட்சிய 7.2 நொடியா நீட்டிட்டா வேகத்த 116.7-க்கு இறக்கணும். இறக்காம விட்டா அடி கதவுக்கு முன்னாடியே விழுந்துடும். ஒரு ரெண்டு ஃபிரேம் பிந்தினா கண்ணு பொறுத்துக்கும், முந்தினா உறுத்தும்.

ராஜு மாமா 9:24
ஈ.டி. (1982) கடைசித் துரத்தல் இதுக்கு நேர் எதிர். ஓடுற படத்துக்கு ஏத்த மாதிரி வாத்தியக் குழுவ நடத்த முயற்சி பண்ணி சரியா வரல. ஸ்பீல்பர்க் திரைய அணைச்சிட்டு, கச்சேரி மாதிரி நடத்துங்கன்னு வில்லியம்ஸ்கிட்ட சொல்லிட்டார். அப்புறம் அந்த இசைக்குத் தகுந்தபடி படத்த வெட்டினாங்க. இயக்குநர் லியோனி இன்னும் ஒரு படி முன்னால. கார்த்தி மூணாவதா வச்ச படத்துக்கு (1968) இசையமைப்பாளர் மோரிக்கோனே படப்பிடிப்புக்கு முன்னாடியே இசைய முடிச்சுட்டார். செட்ல அத ஓட விட்டுத்தான் நடிக்க வச்சாங்க. கேமரா நகர்ற வேகமே இசையோட வேகம்தான். அதுல ஆரம்பத்துல பல நிமிஷம் மெட்டே கிடையாது. காத்தாலை கிறீச்சிடுற சத்தம், சொட்டுற தண்ணி, ஒரு ஈ. அவ்வளவுதான். அதுக்கப்புறம் வர்ற மவுத் ஆர்கனுக்கு எவ்வளவு பலம் பாரு.

கார்த்தி 9:26
சரி, இன்டர்ஸ்டெல்லார எடுத்துடறேன். சைக்கோ (1960) முதல் இடம்னு எல்லாருக்கும் சம்மதமா? பெர்னார்ட் ஹெர்மன் முழுக்க தந்தி வாத்தியம் மட்டுமே வச்சார். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கருப்பு வெள்ளை ஒலி. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் முதல்ல சொல்லியிருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டின பிறகு மனசு மாறினார். அப்படியும் ஆஸ்கர் பரிந்துரைல கூட அது வரல.

அனு 9:29
ஒண்ணு சேத்துக்கோ. மத்த இடத்துல எல்லாம் தந்தியத் தாங்குற பிரிட்ஜ்ல மியூட் (ஒலிய மழுக்குற சின்னக் கவ்வி) மாட்டித்தான் வாசிக்கிறாங்க. குளியலறைல அதக் கழட்டிடறாங்க. அதான் அந்தச் சத்தம் அப்படி அறுக்குது.

பெரியப்பா 9:40
எனக்கு முதல் இடம் பதேர் பாஞ்சாலி (1955). துர்கா செத்தது தெரியாம அப்பா ஊர்லேர்ந்து வந்து, வாங்கிட்டு வந்த பொருள ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறார். மக பேர்ல வாங்கின புடவைய நீட்டுறப்ப தாய் உடைஞ்சு கதறுறா. அவ குரல் நமக்குக் கேக்காது. அந்தக் கதறல எடுத்துட்டு, அங்க தார் ஷெனாய உச்ச ஸ்தாயில வச்சார் சத்யஜித் ராய். பட்தீப் ராகம். வில்லால வாசிக்கிற எஸ்ராஜ்தான் அது, ஒலி பெருக்க ஒரு கொம்பு பொருத்தியிருக்கும். என் சோதனைய இதுல வைங்க. சத்தம் இல்லாமப் பாத்தா ஒரு தாய் அழறா. சேர்த்துப் பாத்தா, அழுகைய மனுஷக் குரலால தாங்க முடியலன்னு தெரியும்.

ராஜு மாமா 9:44
அண்ணே, அந்தக் காட்சிக்கு மறுப்பே இல்ல. ஆனா மொத்தப் பட இசையா பாத்தா, ரவி சங்கர் ஒரே இரவு அமர்வுல, கிட்டத்தட்ட 11 மணி நேரத்துல முடிச்சது. எல்லா இடத்துக்கும் பத்தல. மிட்டாய்க்காரர் பின்னாடி பிள்ளைங்க ஓடுற காட்சில சிதார் வாசிச்சது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. காட்சிக்கு முதல் இடம் குடுக்கலாம், படத்துக்கு மூணாவது.

பெரியப்பா 9:46
நீளத்த வச்சு அளக்கக் கூடாது ராஜு. ஜாஸ்ல ரெண்டு சுரத்துக்கு இவ்வளவு பேசினீங்களே.

மீனா அக்கா 9:51
பெரியப்பா சொல்றது நியாயம். என் ஓட்டு பதேர் பாஞ்சாலி 2.

கார்த்தி 10:03
இப்போதைக்கு எண்ணிக்கை இப்படி:
1. சைக்கோ
2. பதேர் பாஞ்சாலி
3. ஜாஸ்
4. ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்
5. நாயகன்
முதல் ரெண்டுக்கும் ஒரு ஓட்டுதான் வித்தியாசம்.

அனு 10:05
நாயகனுக்கு மட்டும் யாரும் சோதனை வைக்கல. காட்சி வைக்காம 5-ம் இடம் குடுக்கிறது இளையராஜாவுக்குச் சரியில்ல. படத்துல அந்த மெட்டு வர்ற இடத்த எல்லாம் நிமிஷக் கணக்கோட குறிச்சு அனுப்புறேன். பாடாம வாத்தியத்துல மட்டும் வர்றது தனியா, குரலோட வர்றது தனியா.

பெரியப்பா 10:07
அனுப்பும்மா. அதப் பாத்துட்டுத்தான் என் ஓட்ட உறுதி பண்ணுவேன்.